அழிச்சுப் போடட்டுங்களா?

பகலில் கோழித்தீவனக் கம்பெனியில் மூட்டை எண்ணுகிறேன்.
பல்லடத்தில் அதற்குப் பெயர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்.
ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
'பாவு' என்கிற மென்பொருளுக்கு வேலைக்காரி.
கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்களின் மீட்டர் கணக்கு அதில் ஏறும்.
காசு வாங்குவதில்லை. பூட்டும் போடவில்லை.
யாரும் உள்ளே வந்து நான் எழுதியதைப் படிக்கலாம்,
திருத்தலாம், எடுத்துக்கொண்டும் போகலாம்.

ஒரு வரியை அழிக்கப்போனால் கேட்கும்:
"அழிச்சுப் போடட்டுங்களா?"
கீழே இரண்டு பொத்தான்.
"செரிங்க." "வேண்டாமுங்க."

பெரிய ரோசனை பண்ணியெல்லாம் எழுதவில்லை.
எங்கள் பஸ்ஸில் சில்லறை இல்லையென்று
இறக்கிவிடுகிற கண்டக்டர்கூட
"எறங்குங்க" என்றுதான் கத்துவார்.

கரூர் அர்த்தநாரி எழுதினார்:
நாளைக்கு இருநூறு வரி அழிக்கிறேன்.
இருநூறு தடவை கேட்கிறது.
இதற்குப் பெயர் மரியாதை இல்லை,
வழியில் கட்டிலைப் போட்டு உட்காருவது.

சோமனூர் சம்பூரணம் விடவில்லை:
பையன் மவுஸை அமுக்கிப்போட்டான்.
மார்ச் மாசம் முழுசும் போயிருக்கும்.
அந்த ஒரு கேள்விதான் நிறுத்துச்சு.
பதில் சொல்ல உங்களுக்கு வாயா வலிக்குதுங்க?

நாகர்கோவிலில் இருந்து ஒருவர்:
வட்டார வழக்கு எல்லாருக்கும் பொருந்தாது, "நீக்கவா" போதும்.
குமாரபாளையத்தில் ஒருவருக்கு
"ங்க" பொத்தானுக்கு வெளியே தொங்குகிறதாம்,
அவிழ்ந்த வேட்டி நுனி போல. படம் பிடித்து அனுப்பினார்.
பெயர் போடாத ஒருவர்:
ஒரு செட்டிங் வெச்சுட்டா முடிஞ்சுது.

வைத்தேன்.
செட்டிங் பக்கத்தில் அது நாற்பத்தோராவது.
முந்தைய நாற்பதும் பழைய சண்டைகள்தான்.
தேதி முதலிலா மாதம் முதலிலா என்பது ஈரோட்டுக்காரர்களோடு.
பைசாவை மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்பதில்
நான் அழுதிருக்கிறேன்.
அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.
ஆகவே சண்டை ஒரு படி உள்ளே போனது:
யாரும் தொடாதபோது
அது கேட்க வேண்டுமா, கேட்காமல் இருக்க வேண்டுமா?

கேட்கட்டும் என்றேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள்
அர்த்தநாரி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனார்.
'ஊடை' என்று பெயர். பெயர் மட்டும் நன்றாக வைத்தார்.
கேள்வி கிடையாது, தொட்டால் போச்சு.
அறுபது பேர் அவரோடு போனார்கள்.

கிணற்றைப் பங்கு போட்டால்
ஆளுக்கு மூன்றரை நாள் முறைத்தண்ணீர்.
இந்தப் பாகத்தில் ஆளுக்கொரு முழுக்கிணறு.
வக்கீல் இல்லை, பத்திரச் செலவு இல்லை,
என் தண்ணீரில் ஒரு குடம் குறையவில்லை.
பூட்டுப் போடாதவளும் நான்தான்.
பின்னே என்ன வெசனத்துக்கு
ராத்திரி ராத்திரி
அவர் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஆனியில் அவரிடமிருந்து ஒன்பது வரித் திருத்தம் வந்தது.
மாதக் கடைசி வெள்ளிக்கிழமையானால்
முன்பணம் இரண்டு தடவை கழிகிற பிழை.
மூன்று வருஷமாக என் கண்ணில் படாதது.
எத்தனை பேருக்கு எத்தனை ரூபாய் குறைந்ததோ,
அதைத் தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.
திருத்தத்துக்குக் கீழே எழுதியிருந்தார்:

"உங்க பக்கமும் இந்தத் தப்பு இருக்குதுங்க.
பார்த்துச் சேர்த்துக்கங்க.
மத்தபடி அந்தக் கேள்வி விசயத்துல
நீங்க செஞ்சது செரியில்லைங்க."

சேர்த்துவிட்டேன்.
முதல் இரண்டு வரிக்கு நன்றி சொல்லியாயிற்று.
மிச்சத்துக்குப் பதிலை
நாலு நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன்.
கடிதம் எழுதுகிற இந்தப் பெட்டி யாரோ செய்தது,
எதுவும் கேட்பதில்லை.
கை பட்டதும் அழித்துவிடுகிறது.

சும்மா சொல்லக் கூடாது,
வேகமாகத்தான் இருக்கிறது.